பந்தியின் கோடி இலை

திருப்பூந்தாழையில் பந்தி நின்றுபோன மாலை, மற்ற மாலைகளைப் போலவேதான் வந்தது. கோயிலின் சாயரட்சை மணி ஓய்ந்திருந்தது. மேல மடவிளாகத்து வீடுகளில் விளக்கு ஏற்றியாயிற்று. பூ விற்பவள் மிச்சப் பூவை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். ஞானாம்பிகை நெற்றியில் நீறு பூசி, சுவாமி படத்தின் முன் நின்று ஒரு பதிகத்தை வாய்க்குள்ளேயே பாடி முடித்து, எவர்சில்வர் தட்டில் தனக்கான சோற்றையும் ஒரு கரண்டி கூட்டையும் எடுத்துக்கொண்டு வந்து, தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள்.

அந்த வேளையில் ஊரே அப்படித்தான் அமர்ந்திருக்கும். 'ஒரே பந்தி' என்ற அந்த நிகழ்ச்சியில் கதை இல்லை, நடிப்பவர் இல்லை, போட்டியும் பரிசும் இல்லை. தாமிரபரணிக் கரையில் எங்கோ ஓர் ஊரில், இன்னும் பாகம் பிரியாமல் ஒரே அடுப்பில் உண்ணும் பெருங்குடும்பம் ஒன்றின் வீட்டில் காமிராக்களைப் பொருத்திவிட்டு, அவர்கள் காய் நறுக்குவதையும் குழம்பு கொதிப்பதையும் சண்டையிடுவதையும் சமாதானமாவதையும், மாலையானால் நீண்ட கூடத்தில் இலை போட்டு வரிசையாக அமர்ந்து உண்பதையும் உள்ளபடி காட்டினார்கள். அந்த வீட்டின் மூத்தவர் உப்பைத் தொட்டு நாவில் வைத்த பிறகே சோற்றைத் தொடுவார் என்பதும், அவர் தம்பி பொரியலைச் சோற்றுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு இன்னும் வைக்கவே இல்லை என்று சாதிப்பார் என்பதும், ரசத்துக்குக் குளம் வெட்டத் தெரியாத ஒரு மாப்பிள்ளையின் இலையிலிருந்து கரை உடைந்து பக்கத்து இலைக்கு வெள்ளம் பாயும் என்பதும், ஒரு சிறுமி அப்பளத்தை உடைக்காமல் முகத்துக்கு நேரே பிடித்து அதன் வழியாக விளக்கைப் பார்ப்பாள் என்பதும் திருப்பூந்தாழையில் எல்லோரும் தம் வீட்டுச் செய்திகளைவிட நன்றாக அறிந்தவை.

பரிமாறுகிறவள் அந்த வீட்டின் மூத்த மருமகள் உலகம்மை. சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் மதினி. அவள் உண்டு யாரும் பார்த்ததில்லை. கடைசி இலைக்கும் சோறு வைத்தானதும் கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, சந்நிதியில் நிற்பவள் விளக்குகளைப் பார்ப்பதுபோல் வரிசையை ஒருமுறை பார்த்து, "எல்லாரும் இருந்தாச்சா?" என்று கேட்பாள். "ஆச்சு" என்று பந்தி சொல்லும். அதன் பிறகே கைகள் இலைக்கு இறங்கும்.

தன் வீட்டுக் கூடத்தில் தனியே அமர்ந்திருந்த ஞானாம்பிகையும் அந்த இடத்தில் வாய்விட்டு "ஆச்சு" என்பாள். அதில் அவளுக்கு வெட்கமில்லை. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையிலேயே வயதைக் கழித்தவள் அவள். முகம் தெரியாத குரல்களுக்குப் பதில் சொல்வது பழகிய ஒன்று. கணவர் சட்டைநாதன் கூட்டுறவுப் பண்டகசாலையில் எடை போட்டவர், உண்பதில் பிரியமுள்ளவர், சிரித்தால் வயிறும் சேர்ந்து சிரிக்கும். அவர் காலமான பிறகு, குழந்தை இல்லாத அந்த வீட்டில் "சாப்பிட வா" என்று கேட்கும் குரல் உலகம்மையின் குரல் ஒன்றுதான். ஒற்றைச் சுவருக்கு அப்பால், ஒரே வீடாக இருந்து இரண்டாகப் பிரிந்த மறுபாதியில், தம்பி வைத்தியலிங்கத்தின் வீட்டிலும் அதே நிகழ்ச்சி ஓடும். தம்பி மனைவி மரகதமும் அங்கே "ஆச்சு" என்பாள். அந்தச் சொல் சுவரில் பட்டு மெலிந்து இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ஞானாம்பிகை தொலைக்காட்சியின் ஓசையைக் கொஞ்சம் கூட்டிவைப்பாள்.

அந்த மாலை உலகம்மை கேட்டாள். பந்தி "ஆச்சு" என்றது. ஞானாம்பிகையும் "ஆச்சு" என்றாள்.

உலகம்மை திரும்பினாள். வரிசையைப் பார்க்காமல், காமிராவையும் பார்க்காமல், அதற்கும் இப்பால் யாரையோ பார்ப்பவளாக, கோபம் சிறிதும் இல்லாத குரலில், "இல்லையே, அந்தக் கோடி எலை சும்மா கெடக்கே" என்றாள்.

பந்தியின் கடைசியில், இதுவரை யாரும் கண்டிராத ஓர் இலை கிடந்தது. அதில் எல்லாம் பரிமாறியிருந்தது. பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்த சோறு ஒரு பிடி, விரல்கள் பதிந்த தடத்தோடு, வாய்க்குப் போகாமல் இலையின் நடுவே இருந்தது. அதற்குரியவர் இல்லை. இறங்கிய கைகள் எல்லாம் மடிக்குத் திரும்பின. சிறுமி அப்பளத்தை இலையிலேயே வைத்துவிட்டாள். உலகம்மை கரண்டியோடு நின்றாள், ஆவி பறந்துகொண்டிருந்தது, நிகழ்ச்சிக்குரிய நேரம் முடிந்து செய்திகள் வந்தன.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அதே இலைகள், அதே சோறு, ஆறாத அதே ஆவி, மடியில் கைகளை வைத்துக்கொண்டு பொறுமையாக வெளியே பார்க்கும் அதே முகங்கள்.

ஊர் முதலில் கேபிள் நடத்தும் ஹபீபுல்லாவைத்தான் பிடித்தது. அவர் ஏணி வைத்து ஏறிக் கம்பிகளை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, பிடிசோற்றின் ஓரத்தில் நெளிநெளியாக ஒரு கோடு தெரிகிறதே, அது வேண்டுமானால் சிக்னல் கோளாறாக இருக்கலாம், பந்தி உண்ணாமல் இருப்பதற்குத் தாம் பொறுப்பல்ல என்று சொல்லிவிட்டார். சென்னையிலும் மதுரையிலும் இருந்த பிள்ளைகளைத் தொலைபேசியில் விசாரித்தார்கள். அங்கெல்லாம் பந்தி நடந்ததாம். நேற்று வாழைப்பூ உசிலியாம். மாப்பிள்ளையின் ரசம் வழக்கம்போல் உடைத்துக்கொண்டதாம். கோடி இலை என்று ஒன்றை யாருமே பார்க்கவில்லையாம். ஆகவே வராதவர் திருப்பூந்தாழையில்தான் இருக்கிறார் என்பது விளங்கிவிட்டது. விளங்கிய பிறகு யாரும் வியப்படையவில்லை. இத்தனை நாள் அவர்கள் உண்பதை நாம் பார்த்தோம், இப்போது நாம் உண்பதை அவர்கள் பார்க்கிறார்கள், அதிலென்ன இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால் பசித்திருப்பவர் பார்க்க உண்பது எப்படி? அந்த ஊர் அதற்குப் பழகியதல்ல. நிகழ்ச்சி ஓடும்போது தட்டை எடுப்பதைத் தெரு முழுவதும் நிறுத்திற்று. சிலர் பெட்டியின் முன் ஒரு தம்ளர் தண்ணீராவது வைத்தார்கள். சிறுபிள்ளைகள் திரையருகே போய், "இன்னிக்கும் வரலையா மதினி?" என்று கேட்டுவிட்டு வந்தார்கள். கோயில் குருக்கள், நிவேதனத் தட்டைத் திரைபோட்டு உயர்த்தும்போதெல்லாம் அந்தக் கோடி இலை கண்முன் வருகிறது, சுவாமி என்ன நினைத்துக்கொள்வாரோ என்று சங்கடப்பட்டார். பிறகு அவரே, அடியார்கள் எல்லாம் அமர்ந்த பிறகுதானே ஆண்டவனும் அமர்வான், அந்த அம்மாள் செய்வதில் பிழையொன்றும் இல்லையே என்று தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வராத அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வி. திருப்பூந்தாழையில் ஒரு வீட்டோடு மனத்தாங்கல் என்றால், அந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்று பொருள். பேசுவார்கள், கோயிலில் ஒதுங்கி வழிவிடுவார்கள், ஆபத்துக்கு ஓடியும் வருவார்கள். ஆனால் அந்த வீட்டுச் சோற்றில் கை வைக்கமாட்டார்கள். ஆகவே, ஒருவேளை நாமாக இருக்குமோ என்ற ஐயம் ஒவ்வொருவரையும் அரிக்கத் தொடங்கிற்று. ஆட்டுக்கல் ஒன்றுக்காகப் பிரிந்திருந்த அக்காளும் தங்கையும், அந்தக் கல் எங்கே போயிற்று என்பதே இருவருக்கும் மறந்துபோன நிலையில், ஒரு மாலை ஒரே தட்டில் இட்லி தின்றுவிட்டுத் திரையை ஆவலோடு பார்த்தார்கள். உலகம்மை அசையவில்லை. சலூன்காரர் மருமகன் வீட்டுக்குப் போய் மோர் குடித்தார். குடமுழுக்கில் யார் குடத்தை யார் சுமப்பது என்று முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு பங்காளி வீட்டார், தெருவை அடைத்துப் பந்தலிட்டு, ஒருவர் வீட்டுக் குழம்பை மற்றவர் சோற்றில் ஊற்றி உண்டார்கள். அன்றைக்கும் ஆவி பறந்தது, பந்தி பொறுத்திருந்தது. பலிக்காமற்போன சமாதானம் என்று யாரும் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. பகைக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது என்று ஹபீபுல்லா சொல்லிச் சிரித்தார்.

இப்படி ஒவ்வொரு வீடாகக் கழிந்து, எஞ்சியது மேல மடவிளாகத்தில் நடுச்சுவர் வைத்த அந்த இரட்டை வீடு ஒன்றுதான். அது ஊருக்குத் தெரியும். தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை; ஞானாம்பிகை பால் வாங்க வரும்போது வரிசையில் முன்னே விட்டார்கள், அவ்வளவே.

அவளோ முதல் மாலையிலேயே அறிந்துகொண்டாள். அந்தப் பிடிசோற்றை அவளுக்குத் தெரியும்.

தம்பி மகள் தையல்நாயகியின் திருமணத்தில் நடந்தது அது. ஞானாம்பிகையும் கணவருமாகப் பந்தியின் கோடியில் அமர்ந்திருந்தார்கள். இலை நிறைந்து, நீர் தெளித்து, பருப்புச் சோறு பிசைந்தாயிற்று. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வண்டியிலிருந்து இறங்கினார்கள், இடம் போதவில்லை. வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்த வைத்தியலிங்கம், கூட்டத்தில் தனக்கு உரிமையுள்ள முகம் எது என்று தேடி, "அத்தான், நீங்க நம்ம ஆளு, அடுத்த பந்தியில பாத்துக்கலாம்" என்று சொல்லி அவர் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டான். சட்டைநாதன் சிரித்துக்கொண்டே எழுந்தார். ஞானாம்பிகை சிரிக்கவில்லை. இலையில் கை வைத்தவரை எழுப்புவது என்பது, உயிர் இருக்கும்போதே அவருக்குத் திதி கொடுப்பதற்குச் சமம் என்று அவள் நினைத்தாள். கணவரின் கையைப் பற்றிக்கொண்டு மண்டபத்தைவிட்டு வெளியேறினாள். இனித் தம்பி வீட்டில் கை நனைப்பதில்லை என்று கோபுரத்தைப் பார்த்துச் சொன்னாள். சொன்னதைக் காத்தாள். கணவர் காலமானபோது தம்பி வீட்டிலிருந்து வந்த சோற்றைக்கூட வந்தவர்களுக்கு இட்டுவிட்டு, தான் தண்ணீர் குடித்துக்கொண்டாள்.

இப்போது அவர் இலை திரையில் கிடந்தது. எந்த உலகத்தில் இருந்தாலும் அவர் இன்னும் பசியோடு இருக்கிறார் என்றுதான் அவள் கொண்டாள். அந்த எண்ணம் வந்தபின் தட்டில் எடுத்த சோற்றை அப்படியே மூடிவைத்துவிடுவாள். வலக்கை மோதிரவிரலில் கிடந்த நெளி மோதிரத்தை மற்றக் கையால் திருகிக்கொண்டு, பெட்டியின் முன் வெறுமனே அமர்ந்திருப்பாள். ஊர் பார்க்கட்டும், உலகம் பார்க்கட்டும், என் தம்பியும் பார்க்கட்டும் என்று ஒரு மனம் சொல்லும். அவர் உண்ணாமல் இன்னும் எத்தனை நாள் என்று இன்னொரு மனம் கரையும்.

இதற்கிடையே சுவருக்கு அப்பால் பெட்டிகள் நகரும் ஓசை கேட்கத் தொடங்கிற்று. வைத்தியலிங்கமும் மரகதமும் மகளோடு ஓசூரில் இருக்கப் போகிறார்களாம்; வீட்டுப் பாதியை வாங்கியவர் அதை இடித்துவிட்டுக் கடை கட்டப் போகிறாராம். பால் வாங்கும் இடத்தில் இந்தச் செய்தி காதில் விழுந்தபோது ஞானாம்பிகை சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டாள். கை நனைக்கமாட்டேன் என்று சொல்வதற்கும் ஒரு வீடு வேண்டுமே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாளையோ மறுநாளோ அந்த வீடே இருக்காது. அதன் பிறகு அந்த விரதத்தை அவள் யாரோடு காப்பாள்? கோடி இலைக்கு யார் வருவார்?

புறப்படுகிற நாளின் பிற்பகலில் மரகதம் வந்தாள். வந்தவள் நிலைப்படியைத் தாண்டவில்லை. கையில் ஒன்றும் கொண்டுவரவுமில்லை. எதையாவது கொண்டுவந்தால் கதவு மூடிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணி, எங்க டி.வி.யைக் கட்டியாச்சு. பெரிய சாமானெல்லாம் முதல் வண்டியில போயாச்சு" என்று தொடங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு விஷயம் சொல்லணும். உங்க வீட்டு அண்ணன் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. ஓசூர் வரைக்கும் அதைத் தூக்கிட்டுப் போக எனக்குத் தெம்பு இல்ல" என்றாள்.

ஞானாம்பிகை முக்காலியில் அமர்ந்து மோதிரத்தைத் திருகத் தொடங்கினாள்.

"அண்ணன் அன்னைக்கே சாப்பிட்டாரு அண்ணி."

பிறகு மரகதம் சொன்னதெல்லாம் ஞானாம்பிகையின் காதில் நெடுந்தொலைவிலிருந்து வரும் டிரங்கு அழைப்பைப்போல் விழுந்தது. கல்யாணத்தன்று மனைவியை வீட்டில் விட்டுவிட்டு, குடையை மறந்துவிட்டேன் என்று சொல்லி சட்டைநாதன் மண்டபத்துக்குத் திரும்பியிருக்கிறார். கடைசிப் பந்தியில் சமையற்காரர்களோடு அமர்ந்து, மரகதம் பரிமாற, நிதானமாக உண்டிருக்கிறார். பாயசம் இரண்டு முறை. அதன் பிறகும் பண்டகசாலையிலிருந்து வருகிற வழியில், கொல்லைப்புறமாக நுழைந்து, வற்றல் குழம்பு வைத்திருக்கிறாயா தங்கச்சி என்று கேட்டுக்கொண்டு வருவாராம். வைத்தியலிங்கமும் அவரும் அடுக்களையில் அமர்ந்து சத்தமில்லாமல் சிரித்துக்கொள்வார்களாம்.

குடை ஞானாம்பிகைக்கு நினைவு வந்தது. வெயில் காய்ந்த அந்தச் சித்திரையில் அவர் குடையோடு திரும்பி வந்ததும், அவள் கிளறி வைத்திருந்த உப்புமாவைப் பார்த்துப் பசியில்லை ஞானம் என்று சொல்லிப் படுத்துக்கொண்டதும், அவமானம் அவர் பசியைத் தின்றுவிட்டது என்று எண்ணி அவள் சமையலறையில் முகம் பொத்தி அழுததும் நினைவு வந்தன.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றாள். அவள் யாரைக் கேட்டாள் என்பது அவளுக்கே தெளிவாக இல்லை.

"நானும் கேட்டேன். 'உங்க அண்ணி எனக்காகப் பட்டினி கெடக்கறா. நான் தின்னுட்டேன்னு தெரிஞ்சா அந்தப் பட்டினிக்கு மரியாதை இல்லாமப் போயிடும், தங்கச்சி'ன்னாரு" என்று சொன்ன மரகதம், "அந்த எலையை எடுத்தவ நான்தான் அண்ணி. ரெண்டு எலை கெடந்துச்சு. அண்ணன் எலையில சோறு வச்சபடி இருந்துச்சு, அவர் கைகூட வைக்கல. அவருக்கு எப்பவும் முதல்ல பாயசத்தைத்தானே பாக்கணும். பிசைஞ்ச சோறு உங்க எலையில இருந்துச்சு. ஒரு பிடி. மடிக்க மனசு வராம ரொம்ப நேரம் வச்சிருந்தேன்" என்றாள்.

அவள் போன பிறகும் ஞானாம்பிகை நிலைப்படியை நோக்கியே அமர்ந்திருந்தாள். இத்தனை ஆண்டுகளாக அவர் ஒருவருடைய பசியையே அவள் நினைத்து வந்திருக்கிறாள். அந்தக் கோடியில் தானும் அமர்ந்திருந்தோம், தானும் எழுந்தோம் என்பது ஒருநாளும் தோன்றியதில்லை. பெரியவர்கள் எழுதிவைத்த பாடல்களில் உருகி உருகித் தேடும் அடியவர், தேடப்படுகிற பொருள் தம் நெஞ்சிலேயே கிடப்பதைக் கண்டு திகைக்கிற இடம் வரும்போதெல்லாம் அவள் கண் கலங்கியதுண்டு. அந்தத் திகைப்பு இவ்வளவு வெட்கத்தோடு வரும் என்று அவள் அறிந்திருக்கவில்லை.

சாயரட்சை மணி அடித்தது. விளக்கேற்றினாள். தொலைக்காட்சியைப் போட்டாள். 'ஒரே பந்தி' தொடங்குவதற்கு முன் வரும் விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஓசையை முழுவதும் கூட்டிவைத்துவிட்டு, கதவைத் திறந்தபடி விட்டு, பக்கத்து வீட்டுப் படியேறினாள்.

உள்ளே நாலைந்து மூட்டைகளைத் தவிர ஒன்றுமில்லை. ஆணி பிடுங்கிய சுவர்கள், படம் மாட்டியிருந்த இடத்தில் வெள்ளைச் சதுரங்கள், மூலையில் கட்டிவைத்த துடைப்பம். தம்பி வைத்தியலிங்கம் ஒரு கோணிமூட்டையின் மேல் அமர்ந்திருந்தான். அக்காளைக் கண்டதும் எழுந்து நின்றான். மரகதம் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், வண்டியில் ஏற்றாமல் சமைத்து நிறுத்திவைத்திருந்த பாத்திரங்களோடு வந்தாள். நடுச்சுவரை ஒட்டி வெறுந்தரையில் இலை விழுந்தது. ஞானாம்பிகை அமர்ந்தாள். உப்பு வந்தது, பருப்பு வந்தது, சோறு வந்தது, நெய் வந்தது. பொரித்த அப்பளம் ஒன்றை இலையின் ஓரத்தில் சாய்த்து வைத்தாள் மரகதம்.

நீர் தெளித்துப் பருப்புச் சோற்றைப் பிசைந்து ஒரு பிடி பிடித்தாள். பிடித்ததைப் பார்த்தாள். நான்கு விரல்களின் தடம் அதில் பதிந்திருந்தது. மோதிரவிரலின் தடத்தில், நெளி மோதிரம் அழுந்தி, நெளிநெளியாக ஒரு கோடு கிடந்தது. ஹபீபுல்லா சிக்னல் கோளாறு என்று சொன்ன அதே கோடு.

சுவருக்கு அப்பால் அவள் வீட்டிலிருந்து உலகம்மையின் குரல் கேட்டது. "எல்லாரும் இருந்தாச்சா?"

"ஆச்சு" என்றது பந்தி. பிறகு வழக்கமான அந்த அமைதி. தெரு முழுவதும் அமைதியாக இருந்தது.

அந்த அமைதியில்தான் வாசலில் வண்டி நின்றது. தையல்நாயகியின் கணவன் உள்ளே வந்தான். பின்னாலேயே அவனுடைய தந்தை, சித்தப்பா, மிச்ச மூட்டைகளை ஏற்ற வந்த ஆட்கள் இருவர். மருமகனைக் கண்டதும் வைத்தியலிங்கத்தின் தோள்கள் பழைய வழக்கப்படியே குறுகின. வந்தவர்களுக்கு உட்கார அந்த வீட்டில் ஒரு நாற்காலிகூட இல்லை. கூடத்தின் நடுவே இலை போட்டு ஒருத்தி அமர்ந்திருந்தால் மூட்டைகளைக் கொண்டுபோக வழியும் இல்லை. ஞானாம்பிகை பிடித்த சோற்றை இலையில் வைத்தாள். இடக்கையைத் தரையில் ஊன்றி எழுவதற்கு உடம்பை எடுத்தாள். அது அவள் நினைத்துச் செய்ததன்று. வந்தவர்களுக்கு நம் ஆட்கள் எழுந்து இடம் கொடுக்க வேண்டும் என்று பழகிய உடம்பு தானே செய்தது.

"எந்திரிக்காத அக்கா" என்றான் வைத்தியலிங்கம்.

அவன் அக்காளுக்கும் வாசலுக்கும் நடுவே வந்து நின்றான். மருமகனை நோக்கிக் கைகூப்பினான். கல்யாணத்தன்று வரவேற்றபோதும் அப்படித்தான் கைகூப்பியிருந்தான். ஆனால் இன்று வழியைவிட்டு விலகவில்லை.

"மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க. நீங்களும் சம்பந்தியும் கொஞ்ச நேரம் வெளியில நில்லுங்க. எங்க அக்கா சாப்பிடறாங்க."

மாப்பிள்ளையை வாசலில் நிறுத்துவது என்பது திருப்பூந்தாழையில் நடந்திராத ஒன்று. சம்பந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய மகன் கூடத்தில் அமர்ந்திருந்தவளைப் பார்த்தான். அவள் எதிரே இலையைப் பார்த்தான். தன் கல்யாணப் பந்தியில் இரண்டு இடங்கள் காலியாகித் தங்களுக்குக் கிடைத்ததை அவன் அறிந்திருந்தானோ என்னவோ, தந்தையின் கையைப் பிடித்து மெல்ல வெளியே அழைத்துக்கொண்டு போய், செருப்பைக்கூடப் போடாமல் படிக்குக் கீழே நின்றான்.

ஞானாம்பிகை அந்தப் பிடியை மறுபடி எடுத்தாள். விரல்கள் அவற்றின் தடத்தில் தாமே போய்ப் பொருந்தின. வாயில் இட்டாள். நெய் மணத்தது. உப்பு சரியாக இருந்தது. அதை மென்று விழுங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று. கண்ணிலிருந்து வழிந்தது இலையில் விழாதபடி முகத்தை ஒருபுறமாகச் சாய்த்துக்கொண்டாள். வைத்தியலிங்கம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

விழுங்கியானதும், யாரும் இல்லாத தன் வீட்டில் எரிகிற விளக்கையும் ஓடுகிற பெட்டியையும் நோக்கி, சுவருக்குக் கேட்கும் குரலில், "ஆச்சு" என்றாள்.

சுவருக்கு அப்பால் ஓர் அப்பளம் நொறுங்கிற்று. அடுத்து இன்னொன்று. பிறகு அடுத்த வீட்டிலிருந்து, எதிர்வீட்டிலிருந்து, தெருக்கோடியில் ஹபீபுல்லாவின் கடையிலிருந்து, தெற்கு வீதியிலிருந்து, குளத்துமேட்டிலிருந்து என்று ஊர் முழுவதும் அப்பளங்கள் நொறுங்கின. ரசம் கரையுடைத்துப் பாய்ந்து யாரோ ஐயையோ என்றார்கள். பொரியலை இன்னும் வைக்கவில்லை என்று ஒருவர் சாதித்தார். திருப்பூந்தாழை மக்கள் தங்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். அன்று திரையைப் பார்த்தவர்கள் பின்னால் சொன்னார்கள்: கோடி இலையில் அந்தப் பிடிசோறு இல்லாமற்போன அந்தக் கணத்தில், உலகம்மை மதினி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, புடைவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒருநாளும் இல்லாத திருநாளாக அந்தக் கோடி இலையில் தானும் அமர்ந்துவிட்டாளாம். மூத்தவர் எழுந்து அவளுக்கு ரசம் ஊற்றினாராம்.

ஞானாம்பிகை அதைப் பார்க்கவில்லை. அவள் எதிரே மரகதம் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து மூட்டை கட்டிய களைப்பு அவள் முகத்தில் இருந்தது, அவளும் உண்டிருக்கமாட்டாள். ஞானாம்பிகை பக்கத்துத் தரையைப் புறங்கையால் தட்டிக் காட்டினாள். மரகதம் தயங்கி, கணவரைப் பார்த்து, பிறகு சுவரில் சாய்ந்து அவளருகே அமர்ந்தாள். வைத்தியலிங்கம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பழக்கமில்லாத கையால் இருவருக்கும் பரிமாறத் தொடங்கினான். வெல்லப் பாயசத்தை ஊற்றியபோது பாதி தரையில் போயிற்று.

"அவருக்கும் இப்படித்தான் சிந்துவியா?" என்று கேட்டாள் ஞானாம்பிகை.

"அத்தான் கையால ஏந்திக்குவாரு அக்கா" என்றான் அவன்.

பாயசம் மறுபடி வந்தது. போதும் என்று இலையின் மேல் கையைக் குறுக்கே நீட்டுவது அவளது நெடுநாள் வழக்கம். இப்போது அவள் கையை நீட்டவில்லை.